மஞ்சள் கட்டங்கள்

வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் அக்கா முதலில் கால்குலேட்டரை எடுப்பார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து ஒரு நிமிடம் பொத்திப் பிடித்திருப்பார். வாயருகே கொண்டுபோய் இரண்டு முறை ஊதுவார். அப்புறம்தான் அழிக்கும் பொத்தானை அமுக்குவார், அதுவும் இரண்டு தடவை. குளிர்பதனக் கிடங்கில் வேலையை முடித்துக்கொண்டு நேராக வருவதால் அவர் பையில் இருப்பதெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். குளிரில் அந்தத் திரையின் எண்கள் மங்கலாக, ஆடி அசைந்துதான் வரும்.

வெளியே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டரோடு வருவார். நிதி மேலாண்மை முதுகலை வார இறுதி வகுப்பு அவருக்கு வைத்த பெயர் ‘ஃபிரிட்ஜ் அக்கா’. எங்களுக்கெல்லாம் இருபத்துச் சொச்சம், அவருக்கு நாற்பத்திரண்டு. கிடங்கில் மேலாளர் நாற்காலி இரண்டு முறை காலியாகி, இரண்டு முறையும் அவரிடமே வேலை கற்றவர்களுக்குப் போயிருந்தது. “ஒரு முதுகலைப் பட்டம் இருந்திருந்தா உனக்குத்தாம்மா,” என்று முதலாளி இரண்டு முறையும் வாய் கூசாமல் சொன்னார். மூன்றாவது முறை காலியாவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. இந்தப் பருவத்தில் ப்ராஜெக்ட் தேறினால் பட்டம். தவறினால் அடுத்த வருடம்தான். அதற்குள் முதலாளியின் மருமகன் வந்து உட்கார்ந்துவிடுவான்.

ப்ராஜெக்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், கேப்டன். கேப்டன் என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அவன் பேசினால் பேராசிரியர்களே தலையாட்டுவார்கள். நான் பேசினால் எனக்கே கேட்காது. மேசைக்கடியில் நான் கவிதை படிப்பதை அக்கா ஒருநாள் பிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, வரிக்கு நாலு வார்த்தைதான் இருக்கு. மிச்சப் பேப்பருக்கும் காசு வாங்கிட்டானா?”

கிடங்குக்கு இரண்டாவது குளிர் அறை வாங்கலாமா என்பதுதான் எங்கள் கேள்வி. மின்சாரம், பழுது, பெட்டிகள் எத்தனை நாள் தங்கும் என்பது வரை கணக்கு முழுவதையும் எக்செல்லில் அக்காவே போட்டார். வட்டி விகிதம் போன்ற பதினெட்டு அனுமானங்கள் மட்டும் மஞ்சள் கட்டங்களில் இருந்தன. அவற்றில் ஒன்றை மாற்றினால் ஐந்து வருடக் கணக்கும் தானாக மாறும். “மஞ்சளத் தவிர வேற எதுலயும் கை வைக்காதீங்கப்பா,” என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

ப்ராஜெக்டை மேடையில் விளக்கும் தேர்வுக்கு முந்தைய நாள் கேப்டன் ஸ்லைடுகளைக் காட்டினான். முதல் பக்கத்தில் இரண்டே பெயர்கள், அவனுடையதும் என்னுடையதும். கடைசிப் பக்கத்தில் ‘தகவல் உதவி’ என்று பொடி எழுத்தில் அக்கா.

“தகவல் உதவியா?”

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெளியிலேர்ந்து தேர்வாளர் வர்றாரு. நீங்க மேடையில கொஞ்சம் தடுமாறுவீங்க. பேசுறத நான் பாத்துக்கறேன்.”

“பேசாதவங்களுக்குப் பாதி மார்க்குடா. அது பாஸ் ஆகப் பத்தாது.”

“அதெல்லாம் சொல்லிக்கலாம்க்கா. அப்புறம், அந்த மஞ்சள் கலர் ஸ்கூல் நோட்டு மாதிரி இருந்துது. எல்லாத்தையும் என் டிசைன்ல மாத்தி வகுப்பு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். கணக்கு முழுவதும் அவருடையது என்று எனக்குத் தெரியும். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்தச் செருப்பின் வார் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் அக்கா விடுப்பு. கிடங்குக்கே போகவில்லை, கால்குலேட்டர் குளிர்ந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் கேப்டன் வாயைத் திறந்ததும் அதை எடுத்து உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

இருபது நிமிடம் கேப்டன் வெளுத்து வாங்கினான். நடுவில் எனக்கென்று விட்ட இரண்டு ஸ்லைடுகளை நான் முணுமுணுத்தேன். குளிர் அறை வாங்கலாம், லாபம்தான் என்று முடித்தான். தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தபடி, “வட்டி பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க. பதினாலாக்கிப் பாருங்க,” என்றார்.

கேப்டன் பதினாலு என்று தட்டினான். கீழே ஒரு எண்ணும் அசையவில்லை. மறுபடி தட்டினான். விடைகளை மட்டும் எடுத்துத் தன் டிசைனில் ஒட்டியிருந்தான்; சூத்திரம் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

“சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்.”

“சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. இது கணக்கா, படமா?” பேனாவை மூடினார். “மூணு பேரும் அடுத்த வருஷம் வாங்க.”

அக்கா எழுந்தார். பையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். எழுதுகிற மார்க்கரை அந்த வகுப்பில் இரண்டு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. 0.877, 0.769, 0.675 என்று பதினாலு சதவீதத்துக்கான காரணிகளை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு வருட வரவையும் பெருக்கினார். பலகை கிழிந்துவிடும்போல அழுத்தி எழுதினார். கடைசி விடைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

“பதினாலுன்னா இந்த அறைய வாங்கக் கூடாது சார். நஷ்டம்.”

“இந்தக் கணக்க யார் போட்டது?”

“படம் போட்டது அவரு. கணக்கு போட்டது நான்.” பிறகு கேப்டனிடம் திரும்பினார். “தடுமாறுனேனாடா?”

தேர்வாளர் பேனாவை மறுபடி திறந்தார். மூன்று பேருமே தேறினோம். ‘வழங்கும் திறன்’ என்ற தலைப்பில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கேப்டனுக்கு. அந்தப் பட்டியலை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மேலாளர் நாற்காலி அக்காவுக்குக் கிடைத்தது.

சான்றிதழ் வாங்கப் போனபோது கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்னை நிறுத்தினார்.

“அந்த ஸ்வெட்டர் அம்மா எப்படி இருக்காங்க? தேர்வு அன்னிக்கு ஏழரைக்கே வந்து கதவத் தட்டுனாங்க. உங்க ஃபைலத் திறந்து ஒரு நம்பர மாத்திப் பாத்தாங்க. அசையல. அவங்களோடது பென்டிரைவ்ல கையிலதான் இருந்துது. ‘மாத்திப் போட்டுரட்டுமாம்மா’ன்னு கேட்டேன். ‘வேணாம்ண்ணே, அது அப்படியே இருக்கட்டும். எழுதுற மார்க்கர் ஒண்ணு இருந்தா குடுங்க’ன்னாங்க.”