மேகத்துக்குக் கீழே ஒரு துடுப்பு

அப்பாதான் முதலில் சொன்னார். சாந்தோம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் போனில் கூப்பிட்டு, "இன்னாம்மா, உன் ராக்கெட்டு சார் பூட்டாராமே? டிவில காட்டினுகீறான்" என்றார். திருமயிலை ரயில் நிலையப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. இனி அவரிடம் அதைச் சொல்லவே முடியாது.

விஞ்ஞானக் கதைகள் எழுதிய பரசு சாரை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நான் அவர் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. மயிலாப்பூரில் அவர் வீட்டு முன்னறையில் மூன்று வருடம் வேலை செய்தும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. அவர்தான் பேசுவார். "எதிர்காலத்துல என்ன மெஷின் இருக்கும்னு எவன் வேணா சொல்லிடுவான். அங்க பாத்திரம் யார் தேய்க்கறான்னு சொன்னாத்தான் கதை." செவ்வாய்க் கிரகத்திலும் அவருடைய ஆட்கள் தாளிக்க எண்ணெய் இல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

கடைசி நாவல், எப்போதும் மேகம் மூடிய ஒரு கிரகத்தில் நடப்பது. படகில் கருவிகள் செத்துப்போக, நாயகன் நட்சத்திரம் பார்த்துக் கரை சேர்வதாக எழுதியிருந்தார். அந்த வானத்தில் ஏது நட்சத்திரம்? கேட்க வாய் வரவில்லை. அவன் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து, பாறையில் அலை மோதும் ஓசையைக் கேட்டே கரை சேர்ந்ததாக மாற்றித் தட்டிவிட்டேன். அப்பா மீன் கூட்டத்தைக் கேட்பது அப்படித்தான். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றிருந்தேன். அச்சாகிவிட்டது.

தியாகராய நகர் வெளியீட்டு விழாவில் ஒருவர் அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார். "அது எனக்கே தெரியாத சங்கதி" என்றார் சார். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்தபின், சாரின் மனைவி, மாமியிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே மாமி சொன்னார்: "வாடி. துடுப்பு விஷயம்தானே? புஸ்தகம் வந்த அன்னிக்கே அவருக்குத் தெரியும். 'மேகத்தை நானே மறந்துட்டேன், அந்தப் பொண்ணு காப்பாத்திட்டா. கேட்டா பயந்துண்டு வேலைக்கு வராம நின்னுடுவா'ன்னு சிரிச்சுண்டே இருந்தார்."

சார் முடிக்காமல் விட்ட கதை ஒன்றையும் மாமி கொடுத்தார். நடுவில் அரைப் பக்கம் காலி. ஓரத்தில் சாரின் கோணல் கையெழுத்து: 'இங்கே கடல் வருகிறது. அந்தப் பெண் எழுதட்டும். என்னைக் கேட்க வேண்டாம்.'

கரைக்கு நடந்தே வந்தேன். உடம்பே லேசாகியிருந்தது. "இன்னா, திட்டிட்டாங்களா?" என்றார் அப்பா. நடந்ததைச் சொன்னேன். "அட, நம்ம துடுப்பு ராக்கெட்டுல ஏறிட்சா!" என்று பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த அரைப் பக்கம். இன்று காலை அதில் முதல் வரியை எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.