சிவப்பு குறைந்த வகுப்பு

ஜோகூரில் லாபிஸ் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் நானும் ஒருவன். முப்பத்தொரு ஆண்டுகள் தோட்டத்துக் கிராணியாகக் கணக்கு எழுதி, விடியலில் பெரட்டுக்கு வரிசையில் வந்து நின்ற ஆட்களை எண்ணியவன். எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மற்ற வகுப்புகளைப் போலவே ஐந்தாம் வகுப்பின் கதவருகேயும் துணிப்பைகள் தொங்கும். பிள்ளைக்கு ஒரு பை. காலையில் நுழையும்போது பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றில் ஓர் அட்டையை அதில் செருக வேண்டும். பச்சை என்றால் மனசு நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் இல்லை. சிவப்பு வைத்த பிள்ளையின் பக்கத்தில் வகுப்பாசிரியை ஓய்வு நேரத்தில் போய் உட்காருவார்.

"டவுன் பிள்ளைக்கு டியூஷன் இருக்கு, என்னான்னு கேட்க ஆள் இருக்குங்கய்யா. தோட்டத்துப் பிள்ளைய யாரு கேட்கிறா? வயித்துல பயத்த வச்சுக்கிட்டு கணக்கு எப்படி ஏறும்?" என்றார் அவர்.

நான் எண்ணினேன். இருபத்தாறு பைகளில் ஒன்பது சிவப்பு. பெரட்டில் ஒன்பது ஆள் குறைந்தது போல உறுத்தியது.

அவற்றில் ஒன்று ஒரு சிறுமியின் பையில் தினமும் இருந்தது. அவளுடைய அம்மா ஜோகூர் பாருவில் தங்கித் தொழிற்சாலை வேலை செய்தார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு அட்டையால்தான் ஆசிரியைக்கு அது தெரியவந்தது. அவர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசி, அப்பா அந்த முடிவைத் தள்ளிப்போடும்படி செய்திருந்தார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

தோட்டத்தில் ஆள் குறையாத பிரிவுக்கு மாதக் கடைசியில் கொடி கொடுப்போம். அதே நினைப்பில் காலைச் சபைகூடலில் எல்லா வகுப்புகளுக்கும் முன் எழுந்து அறிவித்தேன்: சிவப்பு குறைந்த வகுப்புக்கு ஒரு கொடி. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியை தட்டவில்லை.

மறுநாள் ஏழு சிவப்பு. அதற்கடுத்த நாள் நான்கு. ஒரு வாரத்தில் ஒன்றே ஒன்று. அன்று கதவருகே பிள்ளைகள் அந்தச் சிறுமியைச் சூழ்ந்து நின்றார்கள்.

"ஏய், ஒன்னாலதான்லா கொடி போவப் போவுது!"

"தினமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு... பச்சைய வையேன், செத்தா போயிருவ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பைகளைப் பார்த்தேன். சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினேழு பள்ளி நாள்கள் அவள் பையில் பச்சை. ஓய்வு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொடியை நான்தான் கொடுத்தேன். வகுப்போடு சேர்ந்து அவளும் அதன் ஒரு முனையைப் பிடித்தபடி படத்துக்கு நின்றாள்.

பதினெட்டாம் நாள் பை காலி. தொடர்ந்து மூன்று நாள் காலி. ஆசிரியையும் நானும் வீட்டுக்குப் போனோம். பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒற்றைச் செருப்பு, சிறியது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"ஞாயித்துக்கிழமையே அவங்கப்பா சாமான லோரியில ஏத்திக்கிட்டு புள்ளைங்களோட போயிட்டாருங்க. எங்கன்னு சொல்லல. அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா அழுதுக்கிட்டேதான் ஸ்கூலுக்குப் போச்சு டீச்சர். ஒங்களுக்குத் தெரியாதா?"

ஆசிரியை காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு, "சிவப்பு வச்சிருந்தா கேட்டிருப்பேங்கய்யா" என்றார்.

அவளுடைய அம்மாவின் கைப்பேசிக்குப் பதினொரு முறை அழைத்துவிட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

கொடியைத் திரும்ப வாங்கிவிட்டேன். சிவப்பு வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று சபைகூடலிலும் சொல்லியாயிற்று. இன்று காலை போய் எண்ணினேன். இருபத்தைந்து பச்சை, ஒரு காலிப் பை. கதவருகே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பிள்ளைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.