முன் சக்கரம் இல்லாத சைக்கிள்

அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது. கடலூர் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டு, தனியாக ஓர் அறையில் இருந்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்திதான். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

அக்காவிடமிருந்து கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அவள் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் என் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். நான் வராவிட்டால் மாமியார் வேறு யாரையாவது உட்காரவைத்துவிடுவார், பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்று காலமெல்லாம் பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாள்.

பஸ் வழியில் நின்றுவிட்டால்? ரயில் தாமதமானால்? என் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்தேன். காயலான் கடையில் கிடந்ததை எடுத்து, மாதம் ஒரு சாமானாகச் செயின், பெடல், டயர் என்று மாற்றி, ஒரு வருஷமாக நானே தேற்றிய வண்டி. கிடங்கு விட்டு வந்தால் எனக்குத் துணையும் அதுதான். கடைசியாக முன் சக்கரத்துக்குப் புது அச்சு, அதை முடுக்கும் கோன், சக்கரம் உருள உள்ளே போடும் பால்ரஸ் குண்டுகள் வாங்கினேன். "கொஞ்சூண்டு ஆட்டம் இருக்கணும், ரொம்ப முடுக்கிடாத" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். மாட்டிவிட்டு அசைத்துப் பார்த்தேன். மயிரிழை ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. முடுக்கினேன். விடியற்காலை கிளம்பும்போது இன்னும் ஒரு திருகு.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முன் சக்கரம் கரகரவென்றது. கொஞ்ச தூரத்தில் இறுகி நின்றேவிட்டது. முழங்கை தேய விழுந்து எழுந்தேன். அச்சைத் தொட்டால் சுட்டது. மணி ஏழுதான் இருக்கும். எந்தக் கடையும் திறந்திருக்காது. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"என்ன மச்சான், வண்டி உன் மேல ஏறிக்கினு வருதா?"

புளியமரத்தடியில் ஒருவர், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். ஸ்டாண்டு போட்ட அவருடைய சைக்கிளின் பின்னால் மூட்டையாகப் பழங்கள். அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். என் பையிலிருந்த ஸ்பானரை வாங்கிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். குண்டுகள் நொறுங்கியிருந்தன.

"எவன் இப்புடி முடுக்குனது?"

"நான்தாங்க."

"ஆளப் பாத்தா அவ்ளோ தெம்பு தெரியலியே!" என்று சிரித்தவர், அதே ஸ்பானரால் தன் முன் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். "பழம் விக்கற வரைக்கும் இது சும்மாதான நிக்குது. மாட்டிக்கினு போ, புள்ளைக்கு நேரமாவுது."

"நான் திரும்பி வரலேன்னா?" என் வாய் என்னை மீறிக் கேட்டுவிட்டது.

"வராம எங்க பூடுவ? உன் சக்கரம் இங்க கெடக்குதே!"

சிதம்பரத்தில் நான் நுழைந்தபோது பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். வேறொருவர் மடியில் துண்டை விரித்தாகிவிட்டது. "எழுந்திருங்க மாமா, என் தம்பி வந்துட்டான்!" என்று அக்கா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளை வீறிட்டு, கிரீஸ் படிந்த என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

பந்தியில் பேருக்குச் சாப்பிட்டேன். அந்த மனிதர் சக்கரமில்லாமல் நிற்பாரே என்று வெயிலிலேயே கிளம்பிவிட்டேன்.

பழமெல்லாம் எப்போதோ விற்றுப்போயிருந்தது. முன் சக்கரம் இல்லாத சைக்கிளுக்குப் பக்கத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "டீக்கடையில எல்லாரும் கிண்டல் பண்றானுங்கப்பா, எவனோ உன் சக்கரத்த ஓட்டிக்கினு பூட்டான்னு" என்றார். சைக்கிள் கடை திறந்ததும் என் சக்கரத்துக்குப் புதுக் குண்டுகள் வாங்கிப் போட்டு வைத்திருந்தார். மாட்டியதும் என் கை தானாக அதை அசைத்துப் பார்த்தது. மயிரிழை ஆட்டம்.

"தொடாத," என்றார்.

தொடவில்லை. கடலூர் வரை அது ஆடியபடியே ஓடியது. அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அடுத்த வைகாசியில் அந்த மரத்தடியில் யாரும் இல்லை.

பூட்டை இழுத்துப் பார்க்கும் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் எனக்காகவும் ஒருவர் நாள் முழுக்கக் காத்திருந்தார் என்பது நினைவுக்கு வரும்போது, பாதி வழியில் திரும்பாமல் நடந்துவிடுகிறேன்.