எக்ஸின் தலையில் ஒரு சின்ன வட்டம்

அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு நானும் தோழி ஒருத்தியும் சேர்ந்து படித்தோம். இருவருக்கும் கணக்குதான் பாடம். வேங்கிக்காலில் அவள் வீட்டு மாடியில் தினமும் காலையில் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, தாளை மாற்றிக்கொண்டு திருத்துவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்பாள். கல்லூரியில் நான் முதல் மாணவி. அதனால் நான் சொல்வதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு. எனக்கும் அந்தத் திமிர் ஜாஸ்தி.

ஒருநாள் எல்லை மதிப்புக் கணக்கு ஒன்று. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் ஒன்று வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவளோ விடையாக 'பை' என்ற எண்ணை நூற்றெண்பதால் வகுத்து எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் பெரிய இன்ட்டு போட்டேன்.

"நல்லா பாத்தீங்களாக்கா?"

"இதுகூட தெரியாம என்னத்த எழுதப் போற? ஒன்னுதான். மனப்பாடம் பண்ணிக்கோ."

தன் விடையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான் கேள்வியில் எக்ஸின் தலையில் இருந்த சின்ன வட்டம் கண்ணில் பட்டது. டிகிரி. கோணம் ரேடியனில் இருந்தால்தான் ஒன்று வரும். டிகிரியை ரேடியனாக மாற்றினால் அவள் எழுதியதுதான் வரும். அவள்தான் சரி.

மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஓடாது, அப்புறம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்கு சொன்னேன். போன் கையில்தான் இருந்தது. அடுத்த நாளும் சொல்லவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதைவிடக் கேவலமான ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. இருக்கும் இடங்களே கம்மி, இவளும் எனக்குப் போட்டிதானே என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

தேர்வில் அதே கணக்கு வட்டத்தோடு வந்தது. நான் சரியான விடையைக் குறித்தேன். முடிந்ததும் வாசலில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சைன் கணக்கு வந்துச்சு பாத்தீங்களாக்கா? மொதல்ல என் பழைய விடையத்தான் போடப் போனேன். நீங்க திட்டினது ஞாபகம் வந்துச்சு. ஒன்னு போட்டுட்டேன். நல்ல வேளை!"

"நானும் அதான் போட்டேன்" என்றேன்.

விடைக்குறிப்பு வெளியான அன்று போன் அடித்தது. அவள்தான். எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தேன்.

"மனச போட்டு ஒழப்பிக்காதீங்கக்கா. ரெண்டு பேருக்கும்தானே அந்த மார்க் போச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.