பேரம் பேசி முடித்த கடன்

சிம்மக்கல்லில் பூக்கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டிக்கு, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சொன்ன விலைக்குப் பூ விற்ற ஆள் கிடையாது. கிலோ எண்ணூறு என்றால் ஐந்நூறில் ஆரம்பிப்பார். பேரம் பேசாமல் வாங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தப் பாழாய்ப்போன பழக்கந்தான் அவரைக் கவிழ்த்தது.

நான்கு வருடத்துக்கு முன் பைக் கடனில் பதினாலாயிரம் பாக்கி நின்றது. ஃபைனான்ஸ்காரர்கள் நெருக்கியபோது, மல்லிகைக்குப் பேசுவதுபோலவே பேசி, ஒன்பதாயிரத்தோடு முடித்துவிட்டார். அவர்கள் கொடுத்த தாளை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஐயாயிரம் மிச்சம் என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

இப்போது, பதினோரு வருடமாகக் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் சுபலட்சுமி டீச்சர் விற்கப்போகிறார். உங்களுக்கே முதலில் தருகிறேன், மாதக் கடைசிக்குள் லோன் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தங்கப்பாண்டியின் மனைவி இசைவாணி தையல் மெஷின் போட வீட்டுக்குள் இடம்கூடப் பார்த்துவிட்டாள்.

லோன் கேட்டுப் போனவரிடம் பேங்க் அதிகாரி சத்யப்ரியா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"கடனை நீங்க முழுசாக் கட்டலண்ணே. குறைச்சுக் கட்டி செட்டில் பண்ணியிருக்கீங்க. சிபில்ங்கிற கடன் பதிவுல அது ஏழு வருசம் கிடக்கும். அதுவரைக்கும் வீட்டு லோன் கிடைக்கிறது கஷ்டம்."

"அவுகதானம்மா சரின்னு வாங்குனாக?"

"வாங்குனாங்க. மிச்சம் வரலன்னு சிபிலுக்கும் எழுதி அனுப்பிட்டாங்க."

"இன்னும் மூணு வருசமா? ஆளை வெட்டுனவனே அதுக்குள்ள வெளிய வந்துருவானேம்மா."

மிச்சத்தைக் கட்டி, பதிவை மாற்றச் சொல்லுங்கள், அதன்பிறகு மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் சத்யப்ரியா. அதற்காக ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார் தங்கப்பாண்டி. முதல் நாள் சிஸ்டம் வேலை செய்யவில்லை. மறுநாள் பழைய ஃபைல் சென்னையில் இருக்கிறதாம். மூன்றாம் முறை, கவுன்டரில் இருந்தவன் வட்டியோடு பதினோராயிரம் என்று கணக்குச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டான்.

"ஒம்பது குடுங்கண்ணே, முடிச்சுக்குவோம்."

தங்கப்பாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒத்த ரூபா குறைக்கக் கூடாது தம்பி. முழுசாப் பிடிச்சுக்க. முழுசும் கட்டியாச்சுன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். பதிவு மாற நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றும் சொன்னான். மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

டீச்சரிடம் போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு மாத அவகாசம் மட்டும் கேட்டார்.

"நானும் மகன்கிட்டப் போகணும் பாண்டி. வீட்டைக் கேட்டு வந்த இன்னொருத்தரு மொத்தப் பணத்தோட நிக்கிறாரு," என்றார் டீச்சர். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். இசைவாணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இவரும் பின்னாலேயே கிளம்பியபோது திரும்பிப் பார்த்தாள்.

"வாடகைக்கு வீடு பாக்கப் போறேன். நீங்க வர வேணாம். நானே பேசிக்கிறேன்."