துப்பாத மரியாதை

வீட்டுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டேன். சிமெண்ட் கறை போக்க மேஸ்திரி வாங்கிய ஆசிட்டில் மிச்சத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிச் சமையல் மேடையில் வைத்தவன் நான்தான். முப்பது வருடமாக எழுதிக் கிழிப்பவனுக்கு, அந்தப் பாட்டிலில் ஒரே ஒரு வார்த்தை எழுதி ஒட்டத் தோன்றவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். வெயிலில் வந்தவரை உட்காரக்கூட விடாமல் தரையைச் சுற்றிக் காட்டினேன். பேச்சு மும்முரத்தில், கைக்குச் சிக்கிய பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வீடெல்லாம் பெயிண்ட் வாடை. வேறு நெடி உறைக்கவில்லை. கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்பது எங்கள் பக்கம் வழக்கமும் இல்லை. அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினார். முகம் கோணியது. கண்ணில் நீர் முட்டியது. விழுங்கிவிட்டார்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா அவரைக் கேட்டார்: "வாயில பட்டதுமே எரிஞ்சிருக்குமே, ஏன் துப்பலை?"

"ஊட்டுக்குள்ளார எப்படிங்க துப்பறது? மாப்பளை இப்பத்தான் தரை போட்டிருக்காருங்க." குரல் கரகரத்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரை, சுமார்தான்.

வாய்ப்புண்ணை வைத்து உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்ல முடியாதாம். நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "ரத்தம் ஓடற இடம் மருந்தால வெளுப்பாத் தெரியும். தெரியலைன்னா அது செத்துப்போச்சு. உணவுக்குழாயையே எடுக்க வேண்டிவரும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே காத்திருக்கையில் மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்க தரையில ஒரு வாய் எச்சல் உழுந்திருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்?"

படத்தில் வெளுப்புத் தெரிந்தது. கத்தி வேண்டாம் என்றார்கள். சாமி நம்பிக்கை இல்லாத நான் எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன்.

அவசரப்பட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே பார்த்தார்கள். திரையில் அது மேலே குளமாகத் தேங்கி, கீழே நூலாக இறங்கியது. ஆறிய புண் குழாயைச் சுருக்கிவிட்டது; இனி அவ்வப்போது வந்து விரித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அதற்காக வந்தவர் வீட்டுக்கும் வந்தார். தண்ணீரை மனைவிதான் கொடுத்தாள். எனக்கு அந்த உரிமை போய்விட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு மடக்கு விழுங்கி, அது இறங்கும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கிண்டல் தெரியாத மனிதர். தரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு பொட்டுக் கறை இல்லீங்க மாப்பளை. நல்லா வெச்சிருக்கறீங்க."