ஆரோக்கியம் சார் தேடித் தந்த துப்பாக்கி

செய்தி வந்தபோது நான் திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா உட்பிரிவு மனுவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நம் துப்பாக்கி சுடும் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரிகள். "ஆரோக்கியம் சார் காலையில தவறிட்டாரு. மாரடைப்பு." இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அதை மறுபடி படித்தேன். படிக்க முடிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்பே அந்தக் கண்ணின் பார்வை போயிருக்க வேண்டியது. போகாமல் காப்பாற்றியவர் செத்துப்போன செய்தியை அதே கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியசாமிக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் கண் பரிசோதனைப் படிப்பு படித்து, தானே கடை வைத்தார். ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் நேராக நம் தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவார். நான் நில அளவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ஒரு வாரம் நான் முந்துவேன், மறுவாரம் அவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அவருக்குக் கோபமே வராது என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டும்.

ஐம்பது வயது தாண்டியதும் எனக்குத் துப்பாக்கிக் குழாயின் நுனியில் இருக்கும் குறி மங்க ஆரம்பித்தது. நாம் சுடுவது உரிமம் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிதான். ஆனாலும் துப்பாக்கியின் பின்பக்கத்துப் பள்ளம், நுனிக்குறி, பத்து மீட்டரில் அட்டை என்று மூன்றையும் ஒரே கண்ணால் நேர்படுத்தியாக வேண்டும். எட்டு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் இருந்தன. வாரம் முழுக்க வரப்புத் தகராறில் ஏச்சும் பேச்சும் கேட்பவனுக்கு அது ஒன்றுதான் நிம்மதி. அதுவும் போகிறதே என்று நான் புலம்பியதைக் கேட்ட ஆரோக்கியம் சார், அடுத்த வாரம் கடையில் இருந்த சோதனை லென்ஸ் பெட்டியையே கொட்டகைக்குத் தூக்கி வந்துவிட்டார். கண் டாக்டர்கள் மாட்டிவிடும் அந்த வட்ட இரும்புச் சட்டத்தை என் மூக்கில் உட்காரவைத்து, நான் துப்பாக்கியை நீட்டி நிற்க நிற்க, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டார். எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். நுனிக்குறி தெளிந்தால் அட்டை மறைந்தது. அட்டை தெளிந்தால் குறி மறைந்தது.

"லென்ஸால ஆவற வேலை இல்ல சர்வேயரே," என்றார். "செவப்புப் புள்ளி காட்டற குறிக்கருவி ஒண்ணு இருக்குது. அட்டையப் பாத்துக்கினே இருக்கலாம், புள்ளி அதுமேல வந்து ஒக்காந்துக்கும். போட்டியில அத உட மாட்டாங்க. நீங்க இன்னா மெடலுக்கா சுடறீங்க?"

எனக்குப் பொறுமை ஏது? அந்த வாரமே சென்னைக்குப் போய் ஒரு சிவப்புப் புள்ளிக் கருவியை வாங்கிவந்தேன். என் துப்பாக்கியின் மேல் வைத்தால் பொருந்தவில்லை. கருவியின் அடி அகலம், துப்பாக்கியின் மேல் இருந்த தடம் குறுகல். அளந்து பார்க்காமல் வாங்கியிருந்தேன். ஆரோக்கியம் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். "ஊரான் நெலத்த ஒரு சாண் உடாம அளக்கறீங்க, ஒரு வெரலு அகலத்த அளக்கலியே!" அடுத்த ஒரு மாதம் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் டேப் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பிறகு அவரே தேட ஆரம்பித்தார். மேலே கருவி மாட்ட இடமிருக்கும் துப்பாக்கி வேண்டும், என் சம்பளத்துக்கு எட்ட வேண்டும். எட்டிய விலையில் கிடைத்தவை எல்லாம் பிளாஸ்டிக் உடம்பு. ஒன்றை இரவல் வாங்கி வந்து சுட்டுக் காட்டினார். இருபது குண்டுக்குள் அதிர்ச்சியில் கருவி தளர்ந்து புள்ளி இடம் மாறிவிட்டது. "ஒடம்பு கெட்டியா இருந்தாத்தான் கண்ணு நிக்கும். உலோகத்துலதான் வாங்கணும்," என்றார். உலோகத்தில் பார்த்தால் விலை தலையைச் சுற்றியது. நான் கைவிட்டுவிட்டேன், அவர் விடவில்லை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வானூரிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், தன்னிடம் அப்படி ஒன்று பீரோவில் தூங்குவதாகச் சொல்லியிருக்கிறார். கெட்டியான உலோக உடம்பு. மேலே ஒரு சிறு மூடி, இரண்டு திருகைக் கழற்றினால் கருவி உட்காரத் தயாரான இடம். ஆரோக்கியம் சார் இந்தமுறை டேப்போடு வானூருக்குப் போய், அளந்து பார்த்த பிறகுதான் எனக்கு போன் செய்தார். புதியதன் விலையில் பாதிகூட இல்லை. சென்னைக் கடையில் கருவியையும் பொருத்தமானதாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அதை முதன்முதலாகக் கையில் பிடித்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் இன்றுவரை வெட்கப்படும் நாள். புள்ளி வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நசுங்கி, வால் முளைத்துத் தெரிந்தது. கருவி கோணல் என்றேன். ஆரோக்கியம் சார் வாங்கிப் பார்த்துவிட்டு வட்டமாகத்தான் இருக்கிறது என்றார். இன்னும் மூன்று பேர் பார்த்தார்கள், வட்டம் என்றார்கள். அவர் இன்னொரு உறுப்பினரின் கருவியை வாங்கிக் கொடுத்தார். அதுவும் நசுங்கியே தெரிந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எனக்குத் தலைக்கேறிவிட்டது. யார் சொன்னார் என்று பார்க்காமல் ஆரோக்கியம் சார்மேல் பாய்ந்தேன். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்களே, மொதல்ல உங்க கண்ணப் பாருங்க. பழைய சாமானை என் தலையில கட்டிட்டீங்க!" என்று கத்திவிட்டு, துப்பாக்கியை மேசையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். மாதக் கணக்கில் எனக்காக அலைந்தவரிடம் இப்படிப் பேசினேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவர் திண்டிவனத்தில் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் மேசையிலிருந்த கட்டம் போட்ட வரைபடத் தாளில் ஒன்றை உருவி, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"எடது கண்ண மூடிக்கினு இந்தப் புள்ளிய மட்டும் பாருங்க. சுத்தி இருக்கற கோடு எப்பிடித் தெரியுது?"

புள்ளியைச் சுற்றியிருந்த கோடுகள் மழையில் சரிந்த வரப்புபோல வளைந்திருந்தன. முப்பது வருடமாக நேர்கோட்டை வைத்துப் பிழைத்தவன் நான். என் கண்முன் நேர்கோடு வளைகிறது. கண்ணை மாற்றி மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு எல்லாம் நேர். சர்க்கரை எத்தனை வருடமாக என்று அவர் கேட்டார். பன்னிரண்டு என்றேன்.

"ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா ஒண்ணோட தப்ப இன்னொண்ணு மறச்சிடும், அதான் உங்களுக்குத் தெரியல. கெளம்புங்க, பாண்டிக்குப் போறோம்."

"தாசில்தாரு மீட்டிங் இருக்குது சார். வெள்ளிக்கெழம போலாம்."

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி இன்னா புண்ணியம்? ஜல்தியா வாங்க."

அன்று மாலைக்குள் புதுச்சேரியில் டாக்டர் சொல்லிவிட்டார். விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் நடுப்பார்வை திரும்பியிருக்காது என்றார். கண்ணுக்குள் ஊசி என்றதும் நான் ஓடிவிடப் பார்த்தேன். ஆரோக்கியம் சார் என் சட்டைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தார். ஐந்து ஊசி, ஐந்து மாதம், ஐந்து முறையும் கூட வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு எப்படி மறுநாளே வர மனசு வந்தது என்று. "நீங்க கோவத்துல கத்தல சர்வேயரே, நெசமா கோணலாத் தெரிஞ்சிதான் கத்தினீங்க. எனக்கு ராவெல்லாம் தூக்கம் வரல," என்றார். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "கண்ணு பொய் சொல்லாதுன்னு எவன் சொன்னான்? மொதப் பொய்ய அதுதான் சொல்லும்."

இப்போது அந்தத் துப்பாக்கியில் புள்ளி எனக்கு ஏறக்குறைய வட்டமாகத் தெரிகிறது. ஓர் ஓரத்தில் மட்டும் சின்ன நசுங்கல். டாக்டர் அது அப்படியேதான் இருக்கும் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அவர் மனைவி ஸ்டெல்லா அம்மா என்னைப் பார்த்ததும், "எல்லாரு கண்ணையும் பாத்தாரு, அவுரு நெஞ்ச ஒரு தபா காட்டுங்கன்னா கேக்கல சார்," என்று அழுதார்கள். ஆரோக்கியம் சார் வந்து என் மேசைமுன் நின்றது மாதிரி, நெஞ்சைக் காட்டப் போகலாம் வாங்க என்று நான் ஒரு நாள் அவர் கடை முன்னால் போய் நின்றிருக்கலாம். ஊசி போடப் போன அந்த ஐந்து மாதத்தில் எத்தனை முறை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தோன்றவில்லை. இந்த வருத்தம் எனக்குத் தீராது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது துப்பாக்கி என்று நீங்கள் நினைக்கலாம். அது இல்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் பெருமுக்கல் பக்கம் கடலைச்செடி நிறைந்த ஒரு மல்லாட்டை நிலத்தை அளந்து கல் நட்டேன். கூலி வேலை செய்து சேர்த்து முக்கால் ஏக்கர் வாங்கியிருந்த ஒரு அம்மா, "சார், கல்ல எங்க பக்கம் தள்ளி நட்டுட்டீங்க," என்றார். என் அளவையா சந்தேகப்படுகிறாய் என்று வழக்கமாகக் கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மா கோபத்தில் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தள்ளித் தெரிகிறது என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். டேப்பை மறுபடி பிடிக்கச் சொன்னேன். முதல் அளவைப் பழைய சர்வே கல்லிலிருந்து எடுக்காமல், வரப்போரம் புதைந்திருந்த வேறொரு கருங்கல்லிலிருந்து எடுத்திருந்தோம். அந்த அம்மா பக்கம் இரண்டடி குறைந்திருந்தது. கல்லைப் பிடுங்கி சரியான இடத்தில் நட்டேன். மன்னிச்சிக்கம்மா என்றேன். என் முப்பது வருட உத்தியோகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல சார். சொன்னதும் இன்னொரு தபா பாத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்," என்று அந்த அம்மா கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு எனக்குச் சேர்ந்ததல்ல. சேர வேண்டியவரிடம் கொடுக்க இப்போது வழியில்லை. அதனால்தான் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைக்கிறேன்.